ஜிபிஏ 3.05, எல்சாட் 173: முன்னணிச் சட்டக் கல்லூரிகளுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

உங்கள் மகள் டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உயிர்வேதியியல் படிக்கிறார். மருத்துவராகும் எண்ணத்தில் சேர்ந்து, முதல் இரண்டு ஆண்டுகளில் மதிப்பெண் சரிந்து, மூன்றாம் ஆண்டில் சட்டத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார். முதல் இரண்டு ஆண்டுகளின் ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, 2.8, மூன்றாம் ஆண்டில் மட்டும் 3.55; மொத்தத்தில் 3.05. சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டிலோ 173 எடுத்திருக்கிறார். நாட்டின் முதல் பதினான்கு சட்டக் கல்லூரிகளுக்கு இந்த செப்டம்பரிலேயே விண்ணப்பிப்பதா, அல்லது முதுநிலைப் படிப்பு ஒன்றை முடித்து ஜிபிஏவைச் சரிசெய்துகொண்டு பிறகு விண்ணப்பிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. நான்காம் ஆண்டை மிக நன்றாக முடித்து, ஒரு பொறுப்பான வேலையில் சேர்ந்து, அதன் பிறகே அவர் விண்ணப்பிக்க வேண்டும்.

முதுநிலைப் படிப்பை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; நம் குடும்பங்களில் முதலில் எழும் யோசனை அதுதான், பணம் வீணாவதும் அதில்தான். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பல்கலைக்கழகம் தரும் ஜிபிஏவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்சாட் தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பு, மாணவர் படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் மதிப்பெண் பட்டியலை வரவழைத்து, எல்லோருக்கும் பொதுவான ஒரு விதிப்படி ஜிபிஏவைத் தானே கணக்கிட்டு அனுப்புகிறது. அந்தக் கணக்கு முதல் இளநிலைப் பட்டத்தோடு நின்றுவிடும். அதன் பிறகு எடுக்கும் பாடங்கள், முதுநிலையானாலும் இரண்டாவது இளநிலையானாலும், அதில் ஏறுவதில்லை. முதுநிலையில் முழு 4.0 வாங்கினாலும் விண்ணப்பத்தின் ஓரத்தில் அது ஒரு நல்ல குறிப்பாக இருக்குமே தவிர, 3.05 என்ற எண் அசையாது. அதற்காக இரண்டு ஆண்டும் ஒரு பெருங்கடனும் செலவழிப்பதை என்னால் எந்த வகையிலும் பரிந்துரைக்க முடியவில்லை.

அதே விதியில் உங்களுக்கு உடனே தெரிய வேண்டிய வேறு சில கூறுகளும் உண்டு. சரிந்த பாடத்தை மறுபடி எடுத்துப் பழைய மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ளும் வசதியைப் பல பல்கலைக்கழகங்கள் தருகின்றன. ஆனால் இரண்டு மதிப்பெண்ணும் பட்டியலில் தெரியும் வரை எல்சாக் இரண்டையும் கணக்கில் சேர்க்கும். ஆகவே பழைய ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மறுபடி எழுதுவதால் அவர் நினைக்கும் அளவுக்குப் பலன் இராது. அந்த நேரத்தில் நன்றாகச் செய்யக்கூடிய புதிய பாடம் ஒன்றை எடுப்பது மேல். அவருடைய பல்கலைக்கழகம் ஏ பிளஸ் வழங்குமானால் எல்சாக் அதை 4.33 என்று எண்ணும். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சமுதாயக் கல்லூரிப் பாடங்களைக் கல்லூரிக் கணக்கில் எடுப்பது வழக்கம். உங்கள் மகளும் அப்படி எடுத்திருந்தால் அவையும் சேரும். அவற்றில் ஏ வாங்கியிருந்தால் அவருடைய எல்சாக் ஜிபிஏ, பல்கலைக்கழகம் காட்டும் எண்ணைவிடச் சற்று உயர்ந்தே இருக்கக்கூடும். அந்தப் பழைய பட்டியலை இப்போதே தேடி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி, கல்லூரிகள் இப்படிப்பட்ட விண்ணப்பத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு வருவோம். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509ஆம் நெறிப்படி, ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தன்னிடம் சேர்ந்த மாணவர்களின் எல்சாட், ஜிபிஏ இரண்டிலும் இடைநிலை எண்ணையும், அதற்கு மேலும் கீழும் உள்ள கால்பகுதி எல்லைகளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தரவரிசையில் எடுத்துக்கொள்ளப்படுவது இடைநிலை எண். 301 பேர் சேர்ந்த வகுப்பை வரிசையாக நிறுத்தினால் 151ஆவது ஆளின் எண்தான் அது. இதிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. ஒரு கல்லூரியின் ஜிபிஏ இடைநிலை 3.92 என்றால், 3.7 உடையவரும் 3.05 உடையவரும் அந்தக் கணக்கில் ஒரே இடத்தில்தான், அதாவது கோட்டுக்குக் கீழேதான், நிற்கிறார்கள். எவ்வளவு கீழே என்பது இடைநிலையை மாற்றுவதில்லை. மறுபக்கம், எல்சாட் இடைநிலை 172 என்றால், 173 வாங்கியவர் அந்தக் கோட்டைக் காக்க உதவுகிறார். ஜிபிஏ உயர்ந்து எல்சாட் தாழ்ந்த மாணவர்களும் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிக்கு, எல்சாட் பக்கத்தை ஈடுகட்ட உங்கள் மகளைப் போன்றவர்கள் தேவைப்படுகிறார்கள். எல்சாட் உயர்ந்து ஜிபிஏ தாழ்ந்த இவர்களைத்தான் சேர்க்கை வட்டாரத்தில் ஸ்பிளிட்டர் என்கிறார்கள்.

2022 நவம்பரில் யேலும் ஹார்வர்டும், கல்லூரிகளை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் நிறுவனத்தின் தரவரிசையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. வேறு பல கல்லூரிகளும் பின்தொடர்ந்தன. அடுத்த ஆண்டு வெளிவந்த வரிசையில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கான எடை 11.25 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், ஜிபிஏவின் எடை 8.75இலிருந்து 4 ஆகவும் குறைக்கப்பட்டன. இதனால் இடைநிலைக்கான போட்டி ஓய்ந்துவிடும் என்று சிலர் நம்பினார்கள், ஓயவில்லை. அண்மை ஆண்டுகளில் முதல் பதினான்கு கல்லூரிகளின் எல்சாட் இடைநிலை பெரும்பாலும் 170க்கும் 175க்கும் இடையே இருக்க, ஜிபிஏ இடைநிலை பலவற்றில் 3.9ஐத் தாண்டிவிட்டது. உங்கள் மகளின் 173 இவற்றில் சில கல்லூரிகளின் கோட்டுக்கு மேல் நிற்கிறது, சிலவற்றில் கோட்டின் மீதே நிற்கிறது, சிலவற்றில் சற்றுக் கீழே விழுகிறது. ஜிபிஏ கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு எல்சாட்டும் கீழே போனால் அந்தக் கல்லூரி அவரைச் சேர்க்க எண்கணக்கில் ஒரு காரணமும் மிஞ்சாது.

ஆனால் எண்கணக்கு கதவருகே கொண்டுபோய் விடுமே தவிர, உள்ளே அழைத்துச் செல்லாது. ஸ்பிளிட்டர் விண்ணப்பத்தைப் படிக்கும் சேர்க்கை அலுவலரின் மனத்தில் எழும் ஐயம் எப்போதும் ஒன்றுதான்: அறிவு இருக்கிறது, உழைப்பு இருக்கிறதா? எல்சாட் என்பது ஒரு நாளில், சில மணி நேரத்தில், தெளிவாகப் படித்துத் தர்க்கத்தோடு சிந்திக்க முடிகிறதா என்று பார்க்கும் தேர்வு. ஜிபிஏ என்பது நான்கு ஆண்டுகள் விடாமல் வகுப்புக்குப் போய், பிடிக்காத பாடத்தையும் படித்து, கெடுவுக்குள் வேலையை முடித்ததன் பதிவு. சட்டக் கல்லூரி முதலாண்டில் வெற்றி பெற இரண்டும் வேண்டும். எல்சாக் ஆய்வுகளும், இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் முதலாண்டு மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட நன்றாகக் கணிக்க முடிகிறது என்றே காட்டிவந்துள்ளன. ஆகவே உங்கள் மகளின் விண்ணப்பத்தில் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம், விளக்கக் குறிப்பு என்று வேறு எது இருந்தாலும், அது இந்த ஒரே ஐயத்துக்கு விடையாக அமைய வேண்டும். அவர் எவ்வளவு புத்திசாலி என்று காட்டும் வேலையை 173 முடித்துவிட்டது. அதையே மறுபடி சொல்லும் ஒவ்வொரு வரியும் வீண்.

இந்த ஆண்டே விண்ணப்பிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டின் 60 கிரெடிட்டுக்கு 2.8 வீதம் 168 புள்ளி. மூன்றாம் ஆண்டின் 30 கிரெடிட்டுக்கு 3.55 வீதம் 106.5 புள்ளி; ஆக 90 கிரெடிட்டுக்கு 274.5, அதாவது 3.05. நான்காம் ஆண்டின் 30 கிரெடிட்டிலும் முழுக்க ஏ வாங்கினால் 120 புள்ளி கூடி, 394.5ஐ 120ஆல் வகுக்க ஏறக்குறைய 3.29 கிடைக்கும். 3.05க்கும் 3.29க்கும் இடையே இடைநிலைக் கணக்கில் வேறுபாடு இல்லை என்று மேலே நானே சொன்னேன். ஆயினும் எல்சாக் அறிக்கை ஜிபிஏவை ஆண்டுவாரியாகவும் பிரித்துக் காட்டுகிறது. 2.8இலிருந்து 3.55க்கு உயர்ந்து அதோடு நிற்கும் பட்டியல் ஒரு நல்ல ஆண்டைக் காட்டும். அதே பட்டியலின் கடைசி வரியில் 4.0 இருந்தால் மாறிவிட்ட ஒரு மாணவரைக் காட்டும். இந்த செப்டம்பரில் விண்ணப்பித்தால் அந்தக் கடைசி வரி இல்லாமலேயே கோப்பு படிக்கப்படும். எல்சாட் மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லுபடியாகும் என்பதால் காத்திருப்பதால் 173க்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஓராண்டு வீணாகிவிடுமே என்ற கவலை உங்கள் கடிதம் முழுவதும் தெரிகிறது. நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கல்லூரி, அது முடித்த கையோடு அடுத்த படிப்பு என்று இடைவெளியே இல்லாமல் போவதுதான் ஒழுங்கு என்று வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலை இயல்பானது. அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டக் கல்வியில் நிலைமை வேறு. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேருவோரில் மிகப் பெரும்பான்மையினர் பட்டம் பெற்று ஓராண்டாவது கடந்தவர்கள். நார்த்வெஸ்டர்ன் கல்லூரியோ வேலை அனுபவத்துக்கு முதன்மை தருவதாகப் பல ஆண்டுகளாகவே பெயர் பெற்றது. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தாலும் இருபத்து நான்கில் சேர்ந்தாலும் வேலை தரும் நிறுவனங்கள் வயதைப் பார்ப்பதில்லை. எந்தக் கல்லூரி, முதலாண்டில் என்ன மதிப்பெண் என்றே பார்க்கின்றன. என்னைக் கேட்டால் இரண்டு ஆண்டு வேலை இன்னும் நல்லது, ஏனென்றால் அப்போது விண்ணப்பிக்கும் நாளில் ஒரு முழு ஆண்டின் வேலை கையில் இருக்கும்; மேலாளர் ஒருவர் அதைப் பற்றி எழுதவும் முடியும்.

வேலை சட்ட அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கறிஞர்களுக்கு உதவும் பாராலீகல் வேலை பார்த்தவர்கள் விண்ணப்பதாரர்களில் ஏராளம்; அதில் தனித்துத் தெரிவது கடினம். கெடு வைத்து, நிறையப் படித்து, பிழையில்லாமல் எழுதித் தர வேண்டிய எந்த வேலையும் மேற்சொன்ன ஐயத்துக்கு நேரான விடை. உயிர்வேதியியல் பட்டம் இருப்பதால் இன்னொரு வழியும் அவருக்குத் திறந்திருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவுத் தேர்வை எழுதச் சட்டப் பட்டம் தேவையில்லை. உயிர்வேதியியல் அந்தத் தேர்வுக்கு நேரடியாகத் தகுதி தரும் பட்டங்களில் ஒன்று. அதில் தேறினால், காப்புரிமை விண்ணப்பங்களைப் பிறருக்காகத் தயாரித்துத் தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகலாம். உயிரியல் சார்ந்த காப்புரிமை வேலைக்குப் பல நிறுவனங்கள் முனைவர் பட்டம் பெற்றவர்களையே விரும்புகின்றன என்பதால் வேலை கிடைத்தே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை கிடைக்காவிட்டாலும், சரிந்த அதே அறிவியலைக் கைவிடாமல் அந்தக் கடினமான தேர்வைத் தானே படித்துத் தேறினார் என்ற செய்தி விண்ணப்பத்தில் பேசும்.

எல்சாட்டை மறுபடி எழுதலாமா? வீட்டில் நேரம் வைத்து எழுதிய பயிற்சித் தேர்வுகளில் அவருடைய சராசரி 175, 176 என்று இருந்திருந்தால் எழுதலாம். 172, 173 என்றே இருந்திருந்தால் தேவையில்லை. மேலே போகும் ஒவ்வொரு புள்ளியும் இன்னும் சில கல்லூரிகளின் கோட்டைத் தாண்ட வைக்கும். கல்லூரிகள் வெளியிடும் கணக்கில் மாணவரின் மிக உயர்ந்த மதிப்பெண்ணே ஏறுவதால், குறைந்து போனாலும் பெரிய சேதம் இல்லை. ஆனால் கல்லூரிகள் எல்லா மதிப்பெண்களையும் பார்க்கும் என்பதையும், செல்லுபடியாகும் காலத்துக்குள் ஐந்து முறை, வாழ்நாளில் ஏழு முறை என்ற வரம்பு உண்டு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டுவிட்டதால், உறவினர் வீட்டுப் பழைய பயிற்சி நூல்களில் அந்தப் பகுதியைத் தொட வேண்டாம்.

விளக்கக் குறிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விண்ணப்பங்கள் கெட்டுப்போவதும் இங்கேதான். முதன்மைக் கட்டுரையில் ஜிபிஏவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அது அவர் யார், ஏன் சட்டம் என்பதற்கான இடம். குறைந்த மதிப்பெண்ணுக்கான காரணத்தை அரைப் பக்கத்துக்குள் தனிக் குறிப்பாக எழுத வேண்டும். "முதல் இரண்டு ஆண்டுகளில் எனக்குப் பொருந்தாத பாடங்களை எடுக்க நேர்ந்தது, பேராசிரியர்கள் கடுமையாக மதிப்பெண் இட்டனர், என் உண்மையான திறமையை என் எல்சாட் மதிப்பெண் காட்டுகிறது" என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் இருந்த ஐயத்தை அவரே கையெழுத்திட்டு உறுதிசெய்ததாக ஆகும். மாறாக இப்படி எழுதலாம்: "மருத்துவப் படிப்புக்குத் தேவையான அறிவியல் பாடங்களை முதல் நான்கு பருவங்களில் ஒன்றாக எடுத்தேன். அவற்றில் எனக்கு ஆர்வம் குறைந்துவருவதை உணர்ந்தும், முடிவெடுக்கத் தாமதித்தேன். படிக்க வேண்டிய அளவு படிக்கவில்லை. ஐந்தாம் பருவத்திலிருந்து பாடத் திட்டத்தை மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து பட்டம் பெறும் வரை, வாரம் பதினைந்து மணி நேரம் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, என் ஜிபிஏ 3.78." இங்கே பழி யார் மீதும் இல்லை, காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அது முடிந்துவிட்டது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 3.55ஐயும் 4.0ஐயும் கூட்டிச் சராசரி எடுத்தால் 3.78 வரும், ஆய்வக வேலை என்பது நான் வைத்த எடுத்துக்காட்டு, அவர் தம் உண்மையைத்தான் எழுத வேண்டும். உடல்நலக் குறைவோ குடும்பத்தில் துயரமோ காரணமாக இருந்திருந்தால், எந்தப் பருவத்தில் என்று குறிப்பிட்டு மிகையில்லாமல் எழுதலாம். இல்லாத காரணத்தை மட்டும் உருவாக்கக் கூடாது. அது அறத்துக்கும் பொருந்தாது, பின்னாளில் வழக்கறிஞர் உரிமம் கேட்கும்போது நடத்தைச் சரிபார்ப்பிலும் இந்த விண்ணப்பம் எடுத்துப் பார்க்கப்படலாம்.

பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாவது மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் நீண்ட கட்டுரை எழுத வைத்த பேராசிரியரிடமிருந்து வர வேண்டும். பெயர் பெற்ற பேராசிரியரின் நான்கு வரிக் கடிதத்தைவிட, இவர் தந்த வரைவை மூன்று முறை திருத்தி எழுதினார் என்று சொல்லக்கூடிய இளம் ஆசிரியரின் கடிதம் பல மடங்கு உதவும்.

கல்லூரிகளின் பட்டியலை அகலமாக வையுங்கள். யேலும் ஸ்டான்ஃபோர்டும் ஆண்டுக்கு இருநூறு பேர் அளவிலேயே சேர்ப்பவை. இரண்டு எண்ணும் உயர்ந்தவர்களே அங்கே வரிசையில் நிற்பதால் ஸ்பிளிட்டருக்கு இடம் மிகக் குறைவு. பெர்க்லி ஜிபிஏவுக்குக் கூடுதல் எடை தருவதாக நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. ஐந்நூறு பேருக்கு மேல் சேர்க்கும் ஜார்ஜ்டவுன், வேலை அனுபவத்தை மதிக்கும் நார்த்வெஸ்டர்ன், இவற்றோடு வர்ஜீனியா, மிச்சிகன், கார்னெல் ஆகியவற்றில் முயலலாம். வழக்கமாக அந்தப் பதினான்கில் எண்ணப்படாதவற்றில் செயின்ட் லூயியின் வாஷிங்டன் பல்கலைக்கழகம், வாண்டர்பில்ட், பாஸ்டன் பல்கலைக்கழகம், மினசோட்டா, ஜார்ஜ் வாஷிங்டன் ஆகியவற்றையும் சேருங்கள். டெக்சஸ்வாசி என்பதால் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு முதலிடம் தருவேன். உள்மாநிலக் கட்டணத்தில் அதற்கு ஈடான இடம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. பெரும்பாலான கல்லூரிகள் செப்டம்பரில் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கி, வர வர முடிவு சொல்லிக்கொண்டே போவதால், அக்டோபருக்குள் கோப்பு முழுமையாகிவிட வேண்டும். பிப்ரவரிக் கெடு வரை காத்திருக்கக் கூடாது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2026 ஜூலை 1 முதல், புதிதாகச் சேரும் சட்ட மாணவர்களுக்கு முழுச் செலவையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கும். நியூயார்க் நகரக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், மீதியை உங்கள் சேமிப்போ தனியார் கடனோதான் தாங்க வேண்டும். தனியார் கடனுக்குப் பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். அனுமதி கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று உறுதி தரும் ஏர்லி டிசிஷன் முறை ஸ்பிளிட்டருக்கு வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் உறுதி கொடுத்தபின் உதவித்தொகைக்குப் பேரம் பேச இடமில்லை. யேல், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மூன்றும் தேவை அடிப்படையில் மட்டுமே உதவி செய்பவை. மற்றவை தகுதி அடிப்படையிலும் தருகின்றன. பதினான்குக்குச் சற்று வெளியே உள்ள கல்லூரிகள் 173 எடுத்தவருக்குக் கணிசமாகவே தரக்கூடும். அப்படி வரும் உதவித்தொகை முதலாண்டு மதிப்பெண்ணைப் பொறுத்து ரத்தாகும் நிபந்தனை உடையதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் வெளியிடும் 509 அறிக்கையிலேயே எத்தனை பேர் அப்படி இழந்தார்கள் என்ற கணக்கு இருக்கும். முழுக் கட்டணத்தில் பதினான்காவது இடமா, பாதிக் கட்டணத்தில் பதினெட்டாவது இடமா என்று வந்தால், பாதிக் கட்டணத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தமிழ்நாட்டில் பட்டம் பெற்று இங்கு வந்தவர்களுக்கு இடையில் ஒரு குறிப்பு. இந்தியப் பட்டத்துக்கு எல்சாக் ஜிபிஏ எண் எதுவும் கணக்கிடுவதில்லை. மிகச் சிறப்பு, சராசரிக்கு மேல், சராசரி, சராசரிக்குக் கீழ் என்ற நான்கு தரங்களில் ஒன்றை மட்டும் குறிக்கிறது. கல்லூரியின் ஜிபிஏ இடைநிலையில் அது ஏறாததால் எல்சாட்டின் கனம் கூடுகிறது. அரியர் வைத்துத் தேறிய பொறியியல் பட்டதாரிக்கு இது ஆறுதலான செய்தி. ஆயினும் பட்டியல் முழுவதும் படிக்கப்படும் என்பதால், மேலே சொன்ன விளக்கக் குறிப்பு அவருக்கும் வேண்டும்.

கடைசியாக, உங்கள் மகளைப் போன்றவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் அதிகம் வருவது அனுமதியும் மறுப்பும் அல்லாத மூன்றாவது பதில், காத்திருப்போர் பட்டியல். கல்லூரிகள், சேர இருப்போரின் முன்பணம் வந்தபின் தங்கள் இடைநிலை எங்கே நிற்கிறது என்று பார்த்து, எல்சாட் பக்கம் குறைந்திருந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை கூட அந்தப் பட்டியலிலிருந்து அழைக்கின்றன. அதனால் கிடைத்த கல்லூரி ஒன்றில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொண்டு, விரும்பும் கல்லூரிக்குப் புதிய செய்தி இருக்கும்போதெல்லாம் ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும்: வேலையில் கூடிய பொறுப்பு, முடித்த ஒரு பணி, அழைத்தால் கட்டாயம் வருவேன் என்றால் அந்த உறுதி. அழைப்பு வந்தால் முடிவு சொல்ல இரண்டொரு நாளே தருவார்கள். எந்த உதவித்தொகைக்குக் கீழே போகமாட்டோம் என்பதை நீங்கள் இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.